சதுப்பிலிருந்து வந்த சிவப்பு

சொஃப்ரோனியா வாட்லி கட்டைவிரலை நாக்கில் தொட்டு, ஒரு மேப்பிள் இலையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். இலை படிந்தது. பிறகு அதே கட்டைவிரலை அடுப்பிலிருந்த அவரைக்கொட்டைப் பானைக்குள் விட்டுச் சப்பி, உப்புப் பார்த்தாள்.

மருமகள் லொவீனாவுக்கு வயிற்றைப் புரட்டியது. எட்டாம் மாத வயிறு. புரட்டுவதற்கு அதற்குச் சொந்தக் காரணங்கள் ஆயிரம் இருக்கலாம். ஆனால் இந்த முறை காரணம் அந்தக் கட்டைவிரல்தான். வாயைப் பொத்திக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினாள்.

"என்ன பொண்ணோ. நாங்கெல்லாம் பிள்ளை பெறலையா?" என்று மாமியார் அடுத்த இலையை எடுத்தாள்.

அக்டோபர் வந்துவிட்டால் அந்த மலைக் கிராமத்துப் பெண்களுக்கெல்லாம் ஒரு பித்துப் பிடிக்கும். காலையில் முற்றத்தில் பெருக்கித் தள்ளிய குப்பையை மதியம் கூடையோடு போய்ப் பொறுக்கி, வீட்டுக்குள் கொண்டுவந்து விடுவார்கள். குடும்ப பைபிளின் பக்கங்களுக்கு நடுவே வைத்து அழுத்துவார்கள். தேன்மெழுகையும் பைன் பிசினையும் உருக்கி, இஸ்திரி இரும்பில் தடவி, இலைமேல் தேய்ப்பார்கள். அப்படிச் செய்தால் இலை நிறம் மாறாமல் பளபளவென்று நிற்கும். அதைச் சுவரிலும் கண்ணாடியிலும் செத்துப்போனவர்களின் படங்களைச் சுற்றியும் ஒட்டிவைத்து, வசந்தம் வரும்வரை ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் ஆஹா ஓஹோ என்பார்கள். பாஸ்டனிலிருந்து வரும் பெண்கள் பத்திரிகை இதைச் சொல்லிக்கொடுத்தது. அந்தப் பத்திரிகைக்காரர்கள் கண்ணில் பட்டால் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று லொவீனாவுக்கு இருந்தது.

இலை தனியாக வருவதில்லையே. அதோடு கொடுக்குப் பூச்சி வரும், சிலந்தி வரும். ஜாடியில் செருகிவைத்த ஓக் கிளையிலிருந்து ஒரு பச்சைப்புழு நெளிந்து இறங்கி வெண்ணெய்த் தட்டில் விழுந்தது. மாமியார் அதைக் கத்தி முனையால் எடுத்துப் போட்டுவிட்டு, அதே வெண்ணெயை ரொட்டியில் தடவிக்கொண்டாள். ஈரத்தோடு அடுக்கிய இலைகளில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை பூத்து, துவைக்காத காலுறை மாதிரி நாறியது. உருகும் பிசின் வாடை மாவில் ஏறி, ரொட்டி கடித்தால் வார்னிஷ் கடித்த மாதிரி இருந்தது. இத்தனையும் அழகுக்காகவாம்!

இதெல்லாம் போனால் போகட்டும் என்று லொவீனா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அடுப்படி அறை.

அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் அப்படி ஒரு சின்ன அறை உண்டு. சமையலறைப் புகைபோக்கிக்கு முதுகை ஒட்டிக் கட்டியிருப்பார்கள். பனிக்காலத்தில் வீட்டிலேயே கதகதப்பான இடம் அதுதான். பிள்ளை பெறுகிறவளுக்கு அந்த அறை, நோயாளிக்கு அந்த அறை, சாகப்போகிறவருக்கும் அந்த அறை. மற்ற நாட்களில் கட்டிலை விரித்துச் சும்மா போட்டுவைப்பார்கள். சொஃப்ரோனியா மட்டும் அதை இலையறை ஆக்கிவிட்டாள். கதகதப்பில் இலை நன்றாகக் காய்கிறதாம். கட்டிலின்மேல் பலகை, பலகைமேல் இலை, இலைமேல் கல். நாலு சுவரிலும் தரையிலிருந்து கூரைவரை மெழுகு போட்ட இலை.

"அத்தை, அந்த அறையைக் கொஞ்சம் ஒழிச்சுக் குடுத்தீங்கன்னா நல்லா இருக்கும்" என்றாள் லொவீனா, ஒருநாள் பாத்திரம் துடைத்தபடி.

"எந்த அறையை?"

"எந்த அறையா? பிள்ளை பெத்துக்க வீட்டுல எத்தனை அறை இருக்கு?"

"மாடியில கட்டில் இல்லையா? எங்க மாமனார் கையால பண்ணின கட்டில்."

"போன குளிருக்கு மாடியில குடத்துத் தண்ணி உறைஞ்சு குடமே பிளந்துபோச்சு அத்தை. பச்சைப்பிள்ளை என்னாகும்?"

"ரெண்டு செங்கல்லைச் சுட வச்சு, துணியில சுத்திக் கால்மாட்டுல வச்சுக்கோ. சர்ச்சுச் சங்கத்துப் பொம்பளைங்க இலை பாக்க நவம்பர்ல வராங்க. அதுவரைக்கும் அந்த அறையைத் தொடக்கூடாது, ஆமா."

லொவீனா புருஷனிடம் சொன்னாள். ஓரின் வாட்லி பார்க்க லட்சணமான ஆள், யாரிடமும் சண்டைக்குப் போகாதவன். நல்ல குணம் என்று நினைத்துத்தான் அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். "நான் பேசிப் பாக்கிறேன்" என்று அம்மாவிடம் போனவன், கொஞ்ச நேரத்தில் ஆப்பிள் பலகாரம் ஒன்றைத் தின்றபடி திரும்பி வந்தான்.

"என்ன சொன்னாங்க?"

"இன்னும் நாள் இருக்குல்ல. பாக்கலாம்."

சொஃப்ரோனியாவுக்கு அந்த அறையை விட முடியாததற்குத் திருமதி டட்டிலும் ஒரு காரணம். அல்மைரா டட்டில், சர்ச் டீக்கனின் மனைவி. போன வருடம் அவள் வீட்டு வரவேற்பறையில் ஆளுயரத்துக்கு இலைமாலை ஒன்று தொங்கியது. புதுப் பாதிரியார் அதன்முன் கையைக் கட்டிக்கொண்டு நின்று கண் கலங்கிவிட்டாராம். அன்றிலிருந்து சொஃப்ரோனியாவுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வருடம் பார்த்து மழை முந்திக்கொண்டது, மேப்பிள் சரியாகச் சிவக்கவில்லை.

"இது சிவப்பா? துரு!" என்று ஒரு கூடை இலையை அப்படியே தரையில் கொட்டினாள். "ஓரின், சதுப்புப் பக்கம் போய்ப் பாருடா. அங்கே தண்ணியில நிக்கிற மரமெல்லாம் நல்லாச் சிவந்திருக்கும்."

ஓரின் சாயங்காலம் திரும்பி வந்தபோது அவன் கை நிறைய நெருப்பு இருந்தது. லொவீனாவே ஒரு நிமிடம் வாய் பிளந்து பார்த்தாள். பொய் சொல்லக்கூடாது, அப்படி ஒரு சிவப்பை அவள் பார்த்ததில்லை. நீள நீளக் காம்பு, இரண்டு பக்கமும் வரிசையாகப் பளபளக்கும் இலை, காம்பெல்லாம்கூடச் சிவப்பு. அவன் அந்தக் கொத்தை உடம்பில் படாமல், கையை நீட்டிப் பிடித்தபடி வந்தான். கம்பளிக் கையுறை போட்டிருந்தான். இந்த இதமான வெயிலில் கையுறை எதற்கு என்று அவள் அப்போது யோசிக்கவில்லை. கழற்றி அழுக்குக் கூடையில் போட்டான். மறுநாள் மற்றத் துணிகளோடு அவள் அதையும் கசக்கித் துவைத்தாள்.

சொஃப்ரோனியா இரண்டு நாள் அடுப்படி அறையை விட்டு வெளியே வரவில்லை. மருமகளின் ஓங்கரிப்புச் சத்தம் காதில் விழாமலிருக்கக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே இரும்பு உஸ்ஸென்று இலையில் படுகிற சத்தமும், கதவிடுக்கில் கசியும் புகையும்தான். வெளியே வந்தபோது முகத்தில் வெற்றிக்களை. "இனி அல்மைரா வரட்டும்" என்றாள்.

அல்மைரா வருவதற்கு முன்னால் வேறொன்று வந்தது.

அடுத்த நாள் காலை மாமியார் அறையிலிருந்து ஓலம் கேட்டு லொவீனா போய்ப் பார்த்தாள். தலையணையில் கிடந்தது முகம் என்று சொல்வதற்கில்லை. இமைகள் வீங்கி ஒட்டிக்கொண்டு, கண் இருந்த இடத்தில் இரண்டு கீறல்தான் இருந்தது. கன்னமெல்லாம் வேகவைத்துத் தோலுரித்த பீட்ரூட். நெற்றியில், மூக்கில், உதட்டோரத்தில், கழுத்தில், முழங்கைவரை இரண்டு கையிலும் கொப்புளம். சில உடைந்து மஞ்சளாக நீர் வடிந்து, அதில் நரைமுடி ஒட்டிக் காய்ந்திருந்தது. நக்கிச் சப்பிய கட்டைவிரல் இரண்டு மடங்கு தடித்திருந்தது. நாக்கும் தடித்திருந்தது. பேச்சு குழறியது.

"எழியுது… லொவீனா… எழியுது…"

லொவீனா வாசல்படியில் நின்றாள். இரக்கம் வர வேண்டிய இடத்தில் குமட்டல்தான் முதலில் வந்தது. அதற்காக அவளுக்கு வெட்கமாகவும் இல்லை. துணியை நனைத்து, இடுக்கியால் பிடித்து, தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு மாமியார் முகத்தில் ஒற்றினாள். அப்போதுதான் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். இரண்டு மணிக்கட்டிலும் வளையல் போட்டாற்போல் சிவந்து, பொடிப்பொடியாய் நீர்கோத்து இருந்தது. காலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்தது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருந்தாள்.

தொழுவத்தில் ஓரின் பால் கறந்துகொண்டிருந்தான். அவள் அவன்முன் போய்க் கையை நீட்டினாள்.

"அது என்ன மரம்?"

அவன் பசுவின் மடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஓரின், அது என்ன மரம்னு கேட்டேன்."

"சதுப்புச் சுமாக்."

"தொட்டாலே கொப்புளிக்குமே, அந்த விஷச் சுமாக்கா?"

"வெள்ளைக் காய் கொத்துக்கொத்தாத் தொங்கிச்சு. அம்மாகிட்ட அப்பவே சொன்னேன், இது அதுவா இருக்கும்போலன்னு. காய்ஞ்சா விஷம் செத்துப்போயிரும், மெழுகு பூசிட்டா உள்ளேயே அடங்கிரும்னு அம்மாதான் சொன்னாங்க. பத்திரிகையிலகூடப் போட்டிருக்காம், மெழுகு போட்டா எதுவும் வெளியே வராதுன்னு. நான் என்ன பண்றது?"

"நீ என்ன பண்ணினன்னு நான் சொல்லட்டுமா? கையுறை போட்டுக்கிட்ட."

அவன் இன்னும் வேகமாகக் கறந்தான்.

"அந்தக் கையுறையைத் துவைச்சது யாரு?"

பால் பாத்திரத்தில் விழுகிற சத்தம் நின்றது. "மறந்துட்டேன்" என்றான் கடைசியில். "சத்தியமா மறந்துட்டேன் லொவீனா."

வெண்ணெயில் விழுந்த புழு, பூஞ்சை, எச்சில் விரல், மாமியார் முகத்தில் வடிந்த நீர், எதுவுமே இதற்கு ஈடில்லை என்று அவளுக்குத் தோன்றியது. தன் கையைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்தவனுக்கு, பிள்ளையைச் சுமக்கிறவள் கை நினைவில் இல்லை. இவனோடு ஒரே போர்வைக்குள் படுத்தோமே என்று நினைக்கையில் உடம்பு கூசியது. அவன் மீசையில் பால்நுரை ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கவும் அருவருப்பாக இருந்தது.

"ஏந்திரி" என்றாள். "வேலை இருக்கு."

ஊர் மருத்துவச்சி கெசையா வந்து பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினாள். "முகத்துக்குப் புகை ஏறியிருக்கு. கண்ணு திறக்க ஒரு வாரம் ஆகும், ஆற மூணு வாரம் ஆகும். இவளை இந்த ஈர அறையிலயா போட்டு வச்சிருக்கீங்க? அடுப்படி அறைக்குக் கொண்டுபோங்க. வீட்டுல சீக்குக்காரி இருந்தா அங்கேதானே போடணும், இதுகூட நான் சொல்லணுமா?" அறையை எட்டிப் பார்த்தவள் பதறிப்போய்க் கதவைச் சாத்தினாள். "அடி பாவிகளா! எல்லாத்தையும் எடுத்துக் குழி வெட்டிப் புதைங்க. எரிச்சுடாதீங்க, புகை நெஞ்சுக்குள்ள போச்சுன்னா இவ முகம் மாதிரி நுரையீரலும் ஆயிரும்."

லொவீனா எட்ட ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஓரின்தான் அத்தனையும் செய்தான். சுவரிலிருந்து ஒவ்வொரு இலையாய்ச் சுரண்டினான். சாக்கில் கட்டினான். தோட்டத்துக் கோடியில் இடுப்பளவு குழி வெட்டினான். பலகையைத் தூக்கி எறிந்து, காரச் சோப்புப் போட்டுச் சுவரைக் கழுவினான்.

"போதுமா?"

"மறுபடியும்."

கழுவினான். கையுறை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று அவனுக்குத் தெரியும்.

அப்படி ஒரு வழியாக அடுப்படி அறை ஒழிந்தது. சுண்ணாம்புச் சுவரும் கட்டிலும் ஜன்னலும் மட்டும், புதுத்துணி வாசனையோடு விரிப்பும். லொவீனா இரண்டு மாதமாய் மனதில் போட்டுப் பார்த்த அறை. அதில் கொண்டுவந்து மாமியாரைப் படுக்கவைத்தார்கள். இலைக்குப் பதில் மாமியார்! லொவீனாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மூன்று வாரம் என்கிறாள் கெசையா. பிள்ளை அதுவரை பொறுக்குமா? வெளியே புல்நுனியில் காலைதோறும் உறைபனி வெள்ளையாய்ப் படிந்தது.

"இலையெல்லாம் அப்படியே இருக்கா?" கண் திறக்காத மாமியார் படுத்ததும் கேட்ட முதல் கேள்வி.

"இருக்கு அத்தை" என்றாள் லொவீனா. இல்லை என்றால் இந்தக் கோலத்திலேயே எழுந்து கத்துவாள், யாரால் கேட்க முடியும்?

சங்கத்துப் பெண்கள் வரவில்லை, தொற்றிவிடும் என்று பயம். ஆனால் அல்மைரா டட்டில் வந்தாள். ஒரு சட்டி கோழிச் சாறும், முகம் நிறைய அனுதாபமும். வாசற்படியில் நின்று மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டாள்.

"அல்மைராவா?" சொஃப்ரோனியா தலையணையில் நிமிர்ந்தாள். வீங்கிய உதடு கோணிச் சிரித்தது. "பாத்தியா? எப்படி இருக்கு என் அறை?"

அல்மைரா நாலு வெறுஞ்சுவரையும் பார்த்தாள். லொவீனாவைப் பார்த்தாள். லொவீனா கண்ணைத் தாழ்த்தவில்லை.

"என்னத்தைச் சொல்ல" என்றாள் அல்மைரா. "நான் தோத்தேன் போ."

படி இறங்கும்போது அவள் தோள் குலுங்கியது. அழுகை இல்லை அது. ஊர் முழுக்க இன்று சாயங்காலமே தெரிந்துவிடும். லொவீனாவுக்கு அவளையும் பிடிக்கவில்லை, தன்னையும் பிடிக்கவில்லை. கண் தெரியாதவள் முன்னால் இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்து நடித்ததை நினைத்தால் வாயில் கசந்தது. கோழிச் சாற்றைப் பன்றித் தொட்டியில் கொட்டிவிட்டு வந்தாள்.

உள்ளே மாமியார் நிம்மதியாய் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். நாக்கு வீக்கம் கொஞ்சம் வடிந்து பேச்சு தெளிந்திருந்தது.

"ஓரினுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு" என்றாள் திடீரென்று. "உனக்குச் சொன்னதில்லை. ரெண்டும் இந்தக் கட்டில்லதான். ஒண்ணு மூச்சே விடலை. இன்னொண்ணு ரெண்டு நாள் இருந்துச்சு. எடுத்துட்டுப் போனப்புறம் எல்லாரும் போயிட்டாங்க, நான் இந்தச் சுவரைப் பாத்துக்கிட்டே கிடந்தேன். இங்கே காரையில ஒரு விரிசல் இருக்கும், மேலேருந்து கீழ வரைக்கும். ஓரின் அப்பா போரிலேருந்து இருமலோட வந்து இங்கேயே படுத்தார். அப்பவும் அந்த விரிசல்தான். இலையை ஒட்டி அதை மறைச்சதுக்கு அப்புறம்தான் இந்த அறைக்குள்ள என்னால உட்கார முடிஞ்சுச்சு."

லொவீனாவின் கண்ணுக்கு நேரே அந்த விரிசல் இருந்தது. சோப்புத் தண்ணீர் ஏறி, முன்னைவிடக் கறுப்பாகத் தெரிந்தது.

"அதான் என்னை மாடிக்குப் போகச் சொன்னீங்களா?"

"ம்."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே அத்தை."

"சொன்னா நீ பயந்திருப்ப."

"குளிர்ல பிள்ளை விறைச்சுச் சாகும்னு நினைச்சுத் தினம் பயந்தேனே, அது பயம் இல்லையா?"

மாமியார் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். லொவீனாவுக்கு இரக்கம் வரவில்லை என்று சொல்ல முடியாது, வந்தது. வந்து அருவருப்பின் பக்கத்தில் உட்கார்ந்தது, அதை எழுப்பிவிடவில்லை. மஞ்சள் நீர் ஊறிய துணியை மாற்றும்போது லொவீனாவுக்கு அன்றும் குமட்டத்தான் செய்தது.

மறுநாள் மதியம் முதல் பனி விழுந்தது. லொவீனா அடுப்பில் சோளக்கூழைக் கிளறிக்கொண்டிருந்தவள் கரண்டியை விட்டுவிட்டு மேசை விளிம்பைப் பிடித்தாள். காலடியில் தரை நனைந்தது. நாள் இன்னும் இருந்தது, இரண்டு வாரம் இருந்தது. அவள் ஓரினைக் கூவி கெசையாவை அழைத்துவரச் சொன்னாள். பிறகு சுவரைப் பிடித்தபடி அடுப்படி அறைக்குப் போனாள்.

"அத்தை, எந்திரிங்க. அந்தக் கட்டில் எனக்கு வேணும்."

சொஃப்ரோனியா கேட்ட குரலிலேயே புரிந்துகொண்டாள். காலைக் கீழே போட்டாள். கண் திறக்கவில்லை. லொவீனா அவளைத் தொட்டுத் தூக்கவில்லை, தொட மனம் வரவில்லை. விரிப்பை உருவித் தரையில் எறிந்தாள். மாமியார் கதவைத் தேடிச் சுவரில் கை வைத்தாள்.

கை வழுவழுப்பான இலையைத் தேடியது. சுண்ணாம்புதான் கிடைத்தது. ஒரு அடி நகர்ந்து மறுபடி தடவினாள். அங்கேயும் சுண்ணாம்பு. தடித்த விரல்கள் மெல்ல ஊர்ந்து, விரிசலுக்குள் இறங்கி, நின்றன.

லொவீனா திட்டுக்குக் காத்திருந்தாள். வலி இடுப்பைச் சுற்றி இறுக்கியது. இந்த நேரத்தில் இவள் அழுதால் நிச்சயம் கத்திவிடுவேன் என்று நினைத்தாள்.

"எல்லாம் போயிருச்சா?" என்றாள் மாமியார்.

"ஆமா. அன்னைக்கே புதைச்சாச்சு."

"அல்மைராவுக்குத் தெரியும்."

"தெரியும்."

மாமியார் சுவரை விட்டுக் கையை எடுத்தாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீங்கிய முகத்தில் என்ன இருக்கிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

"கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லு" என்றாள். "ஜன்னல் பக்கம் முகம் இருக்கணும். என்ன ஆனாலும் சரி, இந்தச் சுவத்துப் பக்கம் திரும்பாத. புரியுதா?"

"புரியுது அத்தை."

லொவீனா கட்டிலின் கால்பக்கத்தைத் தானே இழுத்தாள். அது தரையைக் கீறிக்கொண்டு திரும்பியது. ஜன்னலில் பனி ஒரே வெள்ளையாய் விழுந்துகொண்டிருந்தது. அவள் படுத்து, அதையே பார்த்தாள். வெளியே மாமியார் கைப்பிடியைத் தடவித் தடவி, குளிர்ந்த மாடிக்குத் தனியாகப் படியேறிப் போகிற சத்தம் கேட்டது.